காரணம் நீங்கின் காரியம் நீங்கும்: ஓசோன் படலம் கற்பிக்கும் பாடம்

காரணம் உள்ள இடத்தில் காரியம் தோன்றும்; காரணம் நீங்கிய இடத்தில் காரியமும் நீங்கும். இவ்வுண்மை நம் வாசகர்களுக்குப் புதியதன்று. மனத்துள் எழும் துன்பத்துக்கு மட்டுமன்றி, வானத்தின் உயரத்தே நேரும் கேட்டுக்கும் இது பொருந்துவதாகும். உலக மக்கள் இதனைத் தம் வாழ்நாளிலேயே அளந்து கண்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறே இப்பாடத்தின் பொருள்.

பூமிக்கு நேர்ந்துள்ள தீங்குகளைப் பற்றி இக்காலத்தில் பலரும் பேசுகின்றனர். காற்றும் நீரும் மாசுறுகின்றன, வெப்பம் ஆண்டுக்காண்டு மிகுகின்றது, காடுகள் அழிகின்றன. இவற்றைக் கேட்கும் எளிய மனிதன், ‘இவை பெரிய அரசுகளும் ஆலைகளும் செய்த வினை, நம்மால் ஆவது யாது?’ என்று மனந்தளர்கிறான். மற்றொருவன், ‘இஃது இயற்கையின் போக்கு, எவராலும் தடுக்க இயலாது’ என்று வாளாவிருக்கிறான். இருவர் கருத்தும் பிழையென்பதை ஓசோன் படலத்தின் வரலாறு மெய்ப்பிக்கின்றது.

1. ஓசோன் என்பது யாது?

நாம் உயிர்க்கும் பிராணவாயுவின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் மூன்றாய்ச் சேர்ந்தால் அது ஓசோன் எனப்படும். 1839-ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் ரசாயன அறிஞர், மின்சாரம் பாயும் இடத்தில் எழும் ஒருவகை மணத்தைக் கொண்டு இதனைக் கண்டறிந்தார். வானின் மேற்பகுதியில் இவ்வாயு உள்ளதென்பதை 1913-இல் பாப்ரி, பூய்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அளந்து காட்டினர்.

பூமியிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இவ்வாயுவின் பெரும்பகுதி பரவியிருக்கின்றது. அத்தனை உயரத்துக்குப் பரவியிருப்பினும் அதன் அளவு மிகக் குறைவே. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் நாம் வாழும் நிலமட்டத்துக்குக் கொணர்ந்து, இங்குள்ள காற்றின் அழுத்தத்தில் விரித்தால், அதன் கனம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரே இருக்கும்.

இம்மெல்லிய போர்வை செய்யும் தொண்டோ மிகப் பெரிது. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களுள் தீங்கு மிக்கவற்றை அது தடுத்து நிறுத்துகின்றது. அக்கதிர்கள் தடையின்றி நிலத்தை அடையுமாயின், மனிதருக்குத் தோற் புற்றுநோயும் கண்புரையும் மிகும், பயிர்கள் வாடும், கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மடியும். மீன்களுக்கு அந்நுண்ணுயிர்களே அடிப்படை உணவு. ஆதலின் ஒன்றன் கேடு மற்றொன்றன் கேடாய்த் தொடரும்.

ஓசோனை அளப்பதற்கு ஏற்ற கருவியை 1920-களில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் டாப்சன் அமைத்தார். அவருடைய முதற் கருவிகளுள் ஒன்று அப்பத்தாண்டின் இறுதியில் நம் கொடைக்கானல் மலையிலுள்ள வானாராய்ச்சிக் கூடத்துக்கும் அனுப்பப்பட்டது. ஓசோனின் அளவை அவர் பெயராலேயே ‘டாப்சன் அலகு’ என்று இன்றும் குறிக்கின்றனர்.

2. கேடு செய்த பொருள்

முற்காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. குழாயில் கசிவு உண்டாயின் வீட்டிலுள்ளோர் உயிரிழக்கவும் நேர்ந்தது. இத்தீங்கை நீக்க விரும்பி 1928-இல் அமெரிக்க நாட்டு அறிஞர் மிட்ஜ்லியும் அவர்தம் துணைவரும் ஒரு புதிய பொருளை ஆக்கினர். குளோரின், புளோரின், கரி ஆகிய மூன்றன் சேர்க்கையாதலின் அதற்குக் குளோரோபுளோரோகார்பன் என்று பெயர். அதனைச் சுருக்கமாகச் சி.எப்.சி. என்பர்.

அது தீப்பற்றாது, நஞ்சன்று, விலையும் குறைவு. ஆகவே குளிர்சாதனப் பெட்டிகளிலும், குளிரூட்டும் இயந்திரங்களிலும், வாசனைத் திரவியங்களைப் பீய்ச்சும் டப்பாக்களிலும், மெத்தைக்கான நுரைப்பொருள் செய்வதிலும், மின்கருவிகளைத் துப்புரவு செய்வதிலும் உலகெங்கும் அது இடம்பெற்றது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட பொருள் அது என்பதை நாம் மறத்தலாகாது. நோக்கம் நன்றாயினும் விளைவை ஆராயாத செயல் தீங்காய் முடிதல் உண்டு.

அப்பொருளின் சிறப்பாகக் கருதப்பட்ட குணமே அதன் குற்றமாயிற்று. எளிதில் சிதையாமை அதன் குணம். மழை அதனைக் கரைக்காது. மண் அதனை உண்ணாது. வெளிவிட்ட வாயு பல்லாண்டுகள் காற்றிலேயே தங்கியது. சில வகைகள் ஏறத்தாழ 50 ஆண்டுகளும், சில ஏறத்தாழ 100 ஆண்டுகளும் தங்க வல்லன. லவ்லாக் என்னும் ஆங்கில அறிஞர் 1971-இல் இங்கிலாந்திலிருந்து தென்கடல் நோக்கிச் சென்ற கப்பலில் தாமே அமைத்த நுண்கருவியுடன் சென்று, ஆலைகளே இல்லாத நடுக்கடலின் காற்றிலும் இவ்வாயு கலந்திருப்பதைக் கண்டார்.

இவ்வாறு சேர்ந்த வாயு முடிவில் எங்குச் செல்லும்? இவ்வினாவை எழுப்பியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்டு, மொலினா என்னும் இருவர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட விடை இது: சி.எப்.சி. மெல்ல மெல்ல மேல்வானத்தை அடைகின்றது. அங்குள்ள கடுமையான புற ஊதாக் கதிர் அதனைப் பிளக்கின்றது. அதனின்று பிரிந்த குளோரின் அணு ஓசோனைத் தாக்கிச் சாதாரணப் பிராணவாயுவாக மாற்றுகின்றது. அவ்வாறு தாக்கியும் தான் அழிவதில்லை. மீண்டும் விடுபட்டு அடுத்த ஓசோனைத் தாக்குகின்றது. ஒரு குளோரின் அணு ஓய்வதற்குள் ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழியக்கூடும். சிறு காரணம் பெருங் காரியத்தை விளைப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தென் துருவத்தில் கண்ட உண்மை

இச்செய்தி வெளிவந்தபோது தொழில் நிறுவனங்கள் பல இதனை ஏற்கவில்லை. கணக்களவில் கூறப்பட்டதேயன்றிக் கண்ணாற் கண்டதன்று என்றன. ஆனால் பொதுமக்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்க நாட்டில் இல்லறத்தார் பலர் சி.எப்.சி. அடைத்த டப்பாக்களை வாங்குவதைத் தாமே குறைத்துக்கொண்டனர். அதன் பின்னரே, 1978-இல், அந்நாட்டு அரசு அத்தகைய டப்பாக்களில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. சட்டம் வருமுன் மக்களின் ஒழுக்கம் முன்சென்றது என்பதை இங்குக் கருதுக.

தென் துருவக் கண்டத்தில் ஹாலி என்னுமிடத்தில் ஆங்கிலேயரின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. 1950-களின் இறுதி தொடங்கி அங்குள்ளோர் டாப்சன் கருவியால் ஆண்டுதோறும் ஓசோனை அளந்து எழுதி வந்தனர். புகழோ ஆரவாரமோ இல்லாத பணி அது. 1985 மே மாதத்தில் பார்மன், கார்டினர், ஷாங்ளின் என்னும் மூவர் அவ்வளவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். அக்டோபர் மாதங்களில் ஹாலியின் மேலுள்ள ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்னும் செய்தியைக் கேட்டு உலகம் திடுக்கிட்டது. இக்குறைவையே ‘ஓசோன் துளை’ என்கின்றனர்.

பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத அவ்விடத்தில் இக்கேடு நேர்ந்தது ஏன்? குளிர்காலத்தில் தென் துருவத்தின் மேல்வானம் மிகக் கடுமையாகக் குளிர்ந்து, பனித்துகள் மேகங்கள் உண்டாகின்றன. அம்மேகங்களின் மேற்பரப்பில் குளோரின் வீரியமுள்ள வடிவை அடைகின்றது. வசந்தத்தில் கதிரவன் தோன்றியவுடன் அழிவு விரைந்து நிகழ்கின்றது. சூசன் சாலமன் என்னும் பெண் அறிஞர் இவ்விளக்கத்தை முன்வைத்ததோடு, 1986-இல் ஒரு குழுவுடன் அங்குச் சென்று அதற்குரிய சான்றுகளையும் திரட்டினார். ரோலண்டு, மொலினா இருவரும், இத்துறையில் முன்னோடியான குருட்சன் என்பவரும் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர்.

வாயுவின் பெரும்பகுதியை வெளிவிட்டோர் வடபாதியில் வாழ்ந்தோர். படலம் கிழிந்ததோ தென்கோடியில். செய்தவன் ஓரிடத்திருப்ப, விளைவு வேறிடத்தே தோன்றிற்று. ஆகவே, ‘என் கண்முன் ஒரு தீங்கும் நிகழவில்லை, நான் குற்றமற்றவன்’ என்று எவரும் கூறிக்கொள்ள இயலாது.

4. உலகம் கூடிச் செய்தது

1987 செப்டம்பர் 16-ஆம் நாள் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் 24 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. சி.எப்.சி. உற்பத்தியைப் பாதியாகக் குறைப்பதே முதல் ஏற்பாடு. ஆராய்ச்சி வளர வளர அது போதாதென்பது புலனாயிற்று. 1990-இல் லண்டனிலும் 1992-இல் கோபன்ஹேகனிலும் கூடிய நாடுகள் விதிகளைக் கடுமையாக்கின. செல்வ நாடுகள் 1996-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு சி.எப்.சி.யை முற்றும் கைவிட வேண்டும் என்றாயிற்று.

இங்கே நீதியைப் பற்றிய வினா ஒன்று எழுந்தது. இக்கேட்டின் பெரும்பகுதியைச் செய்தவை செல்வ நாடுகள். குளிர்சாதனப் பெட்டியை அப்போதுதான் காணத் தொடங்கியிருந்த ஏழை நாடுகள், பிறர் செய்த வினைக்குத் தாம் பொருட்செலவு ஏற்பது எங்ஙனம்? இந்தியாவும் சீனமும் இவ்வினாவை வற்புறுத்தின. அதன் பயனாக லண்டன் மாநாட்டில் பன்னாட்டு நிதி ஒன்று அமைக்கப்பட்டது. செல்வ நாடுகள் அதற்குப் பொருள் அளிக்க, ஏழை நாடுகள் அதனைப் பெற்றுத் தம் ஆலைகளை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. காலக்கெடுவும் அவற்றுக்கு நீட்டித்துத் தரப்பட்டது. வினையில் மிகுதியான பங்குடையோர் பொறுப்பிலும் மிகுதியான பங்கேற்க வேண்டும் என்னும் அறம் இதனால் நிலைபெற்றது.

இந்தியா 1992-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் நாட்டின் மேலுள்ள வானில் ஓசோன் பெரிதும் குறைந்ததில்லை. எனினும் பிறர்க்கு நேரும் துன்பத்தில் தன் பங்கை உணர்ந்து பொறுப்பேற்றது. 2010 வரை தவணை இருந்தும், ஆஸ்துமா நோயாளிகள் உறிஞ்சும் மருந்து தவிரப் பிறவற்றுக்கான சி.எப்.சி. உற்பத்தியை 2008 ஆகஸ்டு முதலாகவே நம் நாடு நிறுத்திற்று. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் எல்லாம் இன்று இவ்வுடன்படிக்கையை ஏற்றுள்ளன. செப்டம்பர் 16 ஓசோன் தினமாக அனுசரிக்கப்படுகின்றது.

5. காரியம் நீங்குகின்றதா?

காரணத்தை நிறுத்தினோம்; காரியம் நின்றதா? 2023 ஜனவரியில் உலக வானிலை நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் சூழல் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகின்றது. தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஏறத்தாழ 99 விழுக்காடு பயன்பாட்டினின்று நீங்கிவிட்டது. இவ்வாறே நடந்துவரின், ஓசோன் படலம் 1980-இல் இருந்த நிலையைத் துருவங்களல்லாத பகுதிகளில் ஏறத்தாழ 2040-லும், வட துருவத்தில் 2045-லும், தென் துருவத்தில் 2066-லும் அடையும்.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, கேடு தீரக்கூடியது. மற்றொன்று, அது உடனே தீர்வதன்று. நம் பாட்டன்மார் காலத்து இயந்திரங்கள் வெளிவிட்ட வாயு இன்னும் வானத்தே உள்ளது. செய்கையை நிறுத்திய அன்றே விளைவு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தல் தகாது. நிற்கவில்லையே என்று மனம் உடைதலும் தகாது.

விழிப்பும் வேண்டும். 2018-இல் அறிஞர்கள், சி.எப்.சி.-11 என்னும் வகை எதிர்பார்த்த அளவில் குறையவில்லை என்று கண்டனர். யாரோ அதனை மறைவாகச் செய்கின்றனர் என்பது விளங்கிற்று. கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவுகளைக் கொண்டு, அவ்வாயுவின் பெரும்பகுதி கிழக்குச் சீனத்தினின்று வருவதாக 2019-இல் அறிவித்தனர். அதன்பின் அவ்வெளியேற்றம் குறைந்தது. மறைவிற் செய்த வினையும் காற்றில் எழுதப்பட்டுவிடுகின்றது!

6. இன்னும் முடியாத கடமை

சி.எப்.சி.க்கு மாற்றாக வந்த வாயுக்களுள் ஒருவகை எச்.எப்.சி. எனப்படும். அவை ஓசோனை அழிப்பதில்லை. ஆனால் அவை பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்துவைப்பன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அவற்றுள் ஒன்றாகிய ஆர்-134ஏ வாயு ஒரு கிலோ, கரியமிலவாயு 1,400 கிலோவுக்கு ஏறத்தாழ ஈடாகும். இதனை உணர்ந்து 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தனர். இந்தியா இதனை 2021-இல் ஏற்றது. 2028-இல் நம் நாட்டின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு ஏற்பட்டு, 2047-க்குள் 85 விழுக்காடு குறைய வேண்டும்.

இங்கே எளியோரின் நிலையைக் கருதாது பேசுதல் அறமன்று. வெப்பம் மிகும்போது முதலில் வாடுவோர் யார்? தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் உறங்குவோரும், வெயிலில் கல்லும் மண்ணும் சுமப்போரும் அல்லரோ? குளிர்ச்சி என்பது அவர்களுக்கு ஆடம்பரமன்று. உயிர் காக்கும் தேவை. ஆதலின், ‘ஒருவரும் குளிரூட்டும் இயந்திரம் வைத்தல் கூடாது’ என்பது நம் முடிபன்று. தீங்கில்லாத வாயுவும், குறைந்த மின்சாரமும், வெப்பம் தாங்கும் வீடும் எல்லார்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே முடிபு.

நிலக்கரி, எண்ணெய் இவற்றை எரிப்பதால் விளையும் கரியமிலவாயுவின் கேடு இதனினும் பெரிது. 1958-இல் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, இப்போது 420 பங்கைக் கடந்துவிட்டது. சி.எப்.சி.யைச் சில ஆலைகளே செய்தன. அதற்கு மாற்றும் கிடைத்தது. நெருப்போ ஒவ்வோர் அடுப்பிலும் வண்டியிலும் ஆலையிலும் உள்ளது. ஆதலின் இக்கடமை கடினமானதே. எனினும் வழி ஒன்றே: காரணத்தை அறிதல், மாற்றைத் தேடல், பொறுப்பை நேர்மையாகப் பகிர்தல், இடைவிடாது அளந்து பார்த்தல்.

7. நாம் செய்யத்தக்கவை

(அ) நம் இளைஞருள் பலர் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ளனர். வானத்தின் காவல் அவர்தம் கையில் இருக்கின்றது. பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாது, அதற்குரிய இயந்திரத்தால் சிலிண்டரில் மீட்டெடுத்தல் வேண்டும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு ஓசோனுக்கும் பகை; அதன் ஒரு கிலோ, கரியமிலவாயு ஏறத்தாழ 1,800 கிலோவின் வெப்பத் தீங்கையும் செய்யும்.

(ஆ) கசிவு உள்ள இயந்திரத்தில் கசிவை அடைக்காமல் மீண்டும் மீண்டும் வாயு நிரப்புதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். வீட்டுக்காரரும் கசிவை முதலில் அடைக்கும்படி கேட்டல் வேண்டும்.

(இ) புதிய பெட்டி வாங்குவோர் அதன்மேல் எழுதியுள்ள வாயுவின் பெயரைப் படிக்க. ஆர்-600ஏ உள்ள குளிர்சாதனப் பெட்டியும், ஆர்-290 உள்ள ஏசியும் வானுக்குத் தீங்கு மிகக் குறைந்தவை. இவை தீப்பற்றக்கூடிய வாயுக்களாதலின், பயிற்சி பெற்றவரைக் கொண்டே பழுதுபார்த்தல் வேண்டும். மின்சிக்கன நட்சத்திரங்கள் மிகுதியாக உள்ளதைத் தேர்க.

(ஈ) ஏசியை 24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வையாது சிறிது இடைவெளி விடுக. கதவின் ரப்பர் பழுதாயின் மாற்றுக. பின்புறத்துத் தூசியைத் துடைக்க. இச்சிறு செயல்களால் மின்சாரமும் பணமும் மிச்சமாகும்.

(உ) கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதலும், வீட்டுக்கு மேற்கே நிழல்தரும் மரம் வளர்த்தலும், இயந்திரமின்றியே வெப்பத்தைத் தணிக்கும்.

(ஊ) உடைந்த பெட்டிகளைப் பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டி வாயுவை வெளியேற்ற விடாது, முறையாகப் பிரித்தெடுக்கும் நிலையங்களில் சேர்ப்பிக்க. இதற்குரிய வசதி தம் ஊரில் இல்லையெனில், நகராட்சியிடம் கூட்டாக விண்ணப்பிக்க.

பெயர் அறியப்படாத பலர் பனியில் நின்று அளந்தனர். பலர் கடையில் ஒரு டப்பாவை வாங்காது திரும்பினர். பலர் தம் ஆலையின் முறையை மாற்றினர். அவர்கள் அனைவரும் சேர்ந்தே வானத்தைக் காத்தனர். பிறவா மக்களின் கண்ணும் தோலும் காக்கும் இப்பணியில், சிறியது என்று தள்ளத்தக்க செயல் எதுவுமில்லை. அறிந்தோர் அறியாதோர்க்கு எடுத்துரைத்து, தம் இல்லத்திலும் தொழிலிடத்திலும் இன்றே தொடங்குவாராக.

படிப்பு வட்டங்களில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. சி.எப்.சி.யின் எக்குணம் முதலில் சிறப்பாகவும் பின்னர்க் குற்றமாகவும் ஆயிற்று?

2. வடபாதியில் வெளிவிட்ட வாயு தென் துருவத்தில் கேடு விளைத்தது எவ்வாறு?

3. 1990-இல் அமைந்த பன்னாட்டு நிதி எந்த அறத்தை அடிப்படையாகக் கொண்டது? கரியமிலவாயுவின் சிக்கலுக்கும் அது பொருந்துமா?

4. உங்கள் தெருவில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்போர் பழைய வாயுவை என்ன செய்கின்றனர்? கேட்டறிந்து கூறுக.